பாதுகாப்பைப் பற்றித் தொழிலாளரிடம் கேட்பது: கூட்டமா, பெட்டியா, பிரதிநிதியா, குழுவா?

பாதுகாப்பு வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இயந்திரக் கூடத்தில் விரல் வெட்டுக் காயங்கள் அடிக்கடி நடந்துகொண்டிருந்தன. தகடு தூக்குபவர், வெட்டுபவர், துளை போடுபவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கனமான கையுறை வாங்கினேன். கட்டாயம் போட வேண்டும் என்று அறிவிப்பும் ஒட்டினேன். இரண்டே நாளில் துளையிடும் பிரிவில் பாதிப் பேர் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இவர்களுக்கு ஒழுங்கே இல்லை என்று எனக்குக் கோபம். வயதில் மூத்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், சுத்துற மெஷின் கையுறையைத்தான் முதல்ல இழுக்கும். அதுக்குள்ள எங்க கையும் இருக்குல்ல?" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. சுழலும் கருவிக்குப் பக்கத்தில் தொளதொளவென்ற கையுறை போடக் கூடாது என்பது பாதுகாப்புப் பாடத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே இருக்கிறது. படித்த நான் மறந்திருந்தேன், தினமும் அந்த மெஷின் முன்னால் நிற்பவர் மறக்கவில்லை. வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் அவர்களோடு நின்று கேட்டிருந்தால், அந்தப் பிரிவில் நானே ஒரு புது ஆபத்தைக் கொண்டுவந்து வைத்திருக்க மாட்டேன்.

தொழிலாளரிடம் கேட்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. பணியிடப் பாதுகாப்பு பற்றி 1981இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆவது உடன்படிக்கை அதைச் சொல்கிறது. 2022இல் அந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் ஆக்கப்பட்டது. எப்படிக் கேட்பது என்பதில்தான் குழப்பம். எல்லாரையும் கூட்டி நேரடியாகப் பேசலாம். பெயர் போடாமல் எழுதிப் போடப் பெட்டி வைக்கலாம். தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்காரும் பாதுகாப்புக் குழு அமைக்கலாம். ஒரு பொறுப்பாளர் இவற்றில் எதைத் தேர்வு செய்வது?

நான்கையும் ஒரே கணக்கை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய கிடங்கு. உள்ளே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடுகின்றன, ஆட்களும் நடக்கிறார்கள். போன மாதம் ஒருவர் மயிரிழையில் தப்பினார். சுவர் ஓரமாக மஞ்சள் கோடு போட்டு நடைபாதை அமைத்துவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. நிர்வாகத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், அந்த மஞ்சள் கோட்டில் கிடங்கையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டிப் பாதையைக் குறுக்கே கடந்தால் ஒரு நிமிடம். இடைவேளையோ சில நிமிடங்கள்தான். கோடு போட்டாலும் அவர்கள் குறுக்கேதான் போவார்கள், அல்லது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு தகவல் எந்த வழியில் மேலே வந்து சேரும்?

எல்லாரையும் கூட்டிப் பேசுவது

ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் நின்று பேசுவது பல இடங்களில் நடக்கிறது. கட்டுமான வேலையில் இதை டூல்பாக்ஸ் டாக் என்பார்கள். செலவு இல்லை, படிவம் இல்லை, அன்றைய வேலைக்கு அன்றே பேச்சு. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் குழுவும் கூட்டக் குறிப்பும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1996இல் வந்த கலந்தாலோசனை விதிமுறைகளும், தொழிற்சங்கப் பிரதிநிதி இல்லாத இடங்களில் தொழிலாளரிடம் நேரடியாகவே கேட்கலாம் என்று இடம் கொடுக்கின்றன.

ஆனால் நம் கிடங்கில் அறுபது பேர். சூப்பர்வைசர் முன்னால் நின்று, "யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்கிறார். அறுபது பேரும் தரையைப் பார்க்கிறார்கள். கழிப்பறை விஷயத்தை எந்தப் பெண் அங்கே எழுந்து சொல்வாள்? ஒப்பந்தத்தில் வந்தவர் வாயே திறக்க மாட்டார், நாளைக்கு அவரை வர வேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். மொழி சரியாகத் தெரியாதவர் பக்கத்து ஆளைப் பார்த்துத் தலையாட்டுவார். "சரி, ஒன்றும் இல்லையே" என்று கூட்டம் முடிந்துவிடும். பதிவேட்டில் கலந்தாலோசனை நடந்ததாக எழுதப்படும். அறுபது கையெழுத்தும் இருக்கும்.

இந்த வழியைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேள்வியை மாற்றுங்கள். "இந்த வாரம் எந்த வேலையைச் செய்யும்போது பயந்தீர்கள்?", "இந்த மெஷினில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கு முதலில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, தன் அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும். அறுபது பேரை ஆறு ஆறாகப் பிரித்து, அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே நின்று பேசினால் இன்னும் நல்லது.

பெட்டியும் பெயரில்லாத் தாளும்

பயத்துக்கு மருந்தாகப் பெட்டி வைக்கிறார்கள். இப்போது பெட்டிக்குப் பதில் கியூஆர் கோடு, செயலி. வடிவம்தான் மாறியிருக்கிறது. நம் கிடங்கில் யாரோ ஒருவர், "கோடு சுற்றி வளைத்துப் போகிறது" என்று ஒரு வரி எழுதிப் போடுகிறார். படிப்பவருக்கு என்ன புரியும்? எந்த இடத்தில், யாருக்கு, எந்த நேரத்தில்? திருப்பிக் கேட்க ஆள் இல்லை. பெட்டியின் பெரிய குறை இதுதான். அதில் தகவல் கிடைக்கும், உரையாடல் கிடைக்காது. எழுதிப் போட்டவருக்கும் பதில் போய்ச் சேருவதில்லை. மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் மிட்டாய்த் தாள் இருக்கும்.

இருந்தாலும் பெட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விமானத் துறையின் கதைதான் காரணம். 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 என்ற விமானம் வாஷிங்டனுக்கு அருகே தரையிறங்க வரும்போது மலையில் மோதி, உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். எப்போது, எவ்வளவு தாழ இறங்கலாம் என்பதில் இருந்த குழப்பம் காரணம். அதே குழப்பத்தில் சிக்கி, அதே மலையில் மோதாமல் வேறொரு நிறுவனத்தின் விமானம் சுமார் ஆறு வாரம் முன்புதான் தப்பியிருந்தது. அந்த விமானி அதைச் சொல்லியும் இருந்தார். அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது, மற்றவர்களுக்குச் செய்தி போகவே இல்லை.

இதற்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தானே ஒரு அறிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. விமானிகள் நம்பவில்லை, உரிமத்தைப் பறிக்கக்கூடிய அலுவலகத்திடமே போய் யார் தன் தவறைச் சொல்வார்கள்? 1976இல் அறிக்கைகளை வாங்கும் வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். தண்டிக்கும் அதிகாரம் இல்லாத மூன்றாம் ஆள். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிய பிறகுதான் தகவல் வெளியே போகும். விளக்கம் தேவைப்பட்டால், நீக்குவதற்கு முன் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்கவும் முடியும். அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது.

ஆகவே பெட்டி வைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது சாவியைப் பற்றி. சாவி சூப்பர்வைசரிடம் இருந்தால் அது பெட்டியே இல்லை. அப்புறம் பதில். பெட்டிக்கு மேலேயே ஒரு பலகை மாட்டி, வந்த ஒவ்வொரு தாளுக்கும் என்ன செய்யப்போகிறோம், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பெட்டி ஒரு துணை ஏற்பாடுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு தொழிலாளரிடம் கேட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது.

தேர்ந்தெடுத்த பிரதிநிதி

நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் எடுப்பேன். நம் கிடங்கில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர் அதே வரிசையில் நின்று வேலை செய்பவர். கழிப்பறைப் பாதை அவருக்கும் தினசரிப் பிரச்சினை. யாரும் எழுந்து நின்று சொல்ல வேண்டியதில்லை. டீ குடிக்கும்போது, "அக்கா, இதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றால் போதும். அவர் போய்ச் சொல்லும்போது அது தனியொரு பெண்ணின் புகாராக இல்லாமல் பிரிவின் கோரிக்கையாகப் போகிறது. சொன்னவர் யார் என்று தேடவும் முடியாது.

பிரதிநிதிக்கு எவ்வளவு அதிகாரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1977ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தொழிற்சங்கம் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணியிடத்தை ஆய்வு செய்யலாம், விபத்துகளை விசாரிக்கலாம். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. ஸ்வீடனில் 5 பேர் வேலை செய்யும் இடத்திலேயே பிரதிநிதி வேண்டும். உயிருக்கு உடனடியான கடும் ஆபத்து என்று கண்டால், அரசு ஆய்வாளர் வந்து முடிவு சொல்லும்வரை அவர் வேலையை நிறுத்தி வைக்கலாம். சிறு நிறுவனங்களில் தனியாகப் பிரதிநிதி கிடைப்பது கஷ்டம் என்பதால், பல நிறுவனங்களுக்குப் பொதுவாக வட்டாரப் பிரதிநிதிகளும் அங்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் உள்ள மாதிரிச் சட்டத்தின்படி, பயிற்சி பெற்ற பிரதிநிதி, "இதைச் சரிசெய்" என்று நிர்வாகத்துக்கு எழுத்து மூலமான அறிவிப்பே கொடுக்கலாம். சும்மா கருத்துச் சொல்பவருக்கும் இவர்களுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இந்த வழியைக் கெடுக்கும் ஒரு காரியம், பிரதிநிதியை நிர்வாகமே கைகாட்டி நியமிப்பது. "நல்ல பையன், சொன்னபடி கேட்பான்" என்று ஒருவரைப் போட்டுவிடுவார்கள். அவரிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நிர்வாகத்தின் ஒற்றன் என்று ஒதுக்கவும் செய்வார்கள், அந்தப் பையனுக்கும் அது துன்பம். இன்னொரு காரியம், பிரதிநிதிக்கு நேரம் கொடுக்காமல் இருப்பது. உற்பத்தி எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைக்காமல், "நீங்கள்தான் பிரதிநிதி, சுற்றிப் பாருங்கள்" என்றால் அவர் எந்த நேரத்தில் சுற்றிப் பார்ப்பார்? பாதுகாப்பு நடவடிக்கைகளின் செலவு தொழிலாளர் தலையில் விழக் கூடாது என்று 155ஆவது உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு சொல்கிறது. பிரதிநிதி சாப்பாட்டு இடைவேளையை விட்டுக்கொடுத்துச் சுற்றி வந்தால், அந்த இடைவேளையும் அவர் கொடுத்த செலவுதான் என்று நான் சொல்வேன்.

ஒருவரே எல்லா ஷிப்டுக்கும் பிரதிநிதியாக இருக்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். இரவு ஷிப்டின் ஆபத்து பகலில் வருபவருக்குத் தெரியாது. வெளிச்சம், தூக்கம், அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இல்லாமை என்று அது தனி உலகம். துப்புரவுப் பணியாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வாக்களிப்பதில் சேர்க்கப்பட வேண்டும். ரசாயனம் சிந்திய தரையைத் துடைப்பவரை விட்டுவிட்டு ரசாயனப் பாதுகாப்புக்குப் பிரதிநிதி தேர்ந்தெடுப்பது பெரிய அநியாயம்.

பாதுகாப்புக் குழு

பிரதிநிதிக்குக் கிடைக்காத ஒன்று குழுவுக்கு உண்டு, பணத்தை ஒதுக்கக்கூடியவர் அதே மேசையில் உட்கார்ந்திருப்பது. நம் கிடங்கில் உண்மையான தீர்வு, பேக்கிங் பிரிவின் பின்சுவரில் ஒரு கதவு திறந்து, வண்டிப் பாதைக்கே வராமல் கழிப்பறைக்குப் போக வழி செய்வது. அதற்குச் சுவரை உடைக்க வேண்டும், செலவு ஆகும். எந்தப் பிரதிநிதியும் தனியாக அதைச் செய்துவிட முடியாது.

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணம் 1972இலேயே இப்படிப்பட்ட கூட்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஒன்டாரியோவில் பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்தில் குழு வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் நிர்வாகப் பொறுப்பில்லாத தொழிலாளர்கள் இருக்க வேண்டும். இந்தியாவில் போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41ஜி பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான செயல்முறை உள்ள தொழிற்சாலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்கும் குழு வேண்டும் என்றது அது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்டாரியோவின் ஒரு சின்ன விதி. குழு எழுத்து மூலம் பரிந்துரை கொடுத்தால் நிர்வாகம் 21 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும். ஏற்றால் எப்போது செய்வோம் என்ற கால அட்டவணை, மறுத்தால் காரணம். குழுக்கள் செத்துப்போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். தொழிலாளர் சொன்ன அதே குறை நான்கு கூட்டங்களில் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். ஐந்தாவது கூட்டத்தில் அதைக் கேட்கவே யாருக்கும் தோன்றாது. பிறகு கூட்டத்தில் கேன்டீன் பற்றியும் சீருடைத் துணி பற்றியும் பேசுவார்கள். அவையும் தேவைதான், ஆனால் கதவு பற்றிய பேச்சு அப்படியே போய்விடும்.

தரையில் நடக்கும் பிரதிநிதிகள் இல்லாமல் குழுவை மட்டும் அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறைக்குள் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு மஞ்சள் கோடு வரைபடத்தில் அழகாகத் தெரியும். கழிப்பறைக்கு ஓடும் பெண் அந்த வரைபடத்தில் இல்லை. முதலில் பிரதிநிதிகள், அவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் குழு என்பதுதான் வரிசை. பிரிட்டனில் இரண்டு பாதுகாப்புப் பிரதிநிதிகள் எழுத்து மூலம் கேட்டால் மூன்று மாதத்துக்குள் நிர்வாகம் குழு அமைக்க வேண்டும் என்ற 1977ஆம் ஆண்டு விதியும் இதே வரிசையில்தான் போகிறது.

எந்த வழியானாலும்

இந்த ஒப்பீட்டில் அடங்காத ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. தொழிலாளர்கள் பார்த்தார்கள், பயந்தார்கள். கட்டடத்தைப் பார்த்த பொறியாளரும் ஆபத்து என்றார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி மூடப்பட்டது, அதன் ஊழியர்கள் மறுநாள் வரவில்லை. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் காலை வாசலில் தயங்கி நின்றார்கள். சம்பளம் போய்விடும் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். ஏப்ரல் 24 காலை கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அங்கே தகவல் குறைவு எதுவும் இல்லை. எந்தப் பெட்டியும் எந்தக் கூட்டமும் சொல்லித் தர வேண்டியது எதுவும் மிச்சமில்லை. "உள்ளே போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாதச் சம்பளத்தோடு வீடு திரும்பும் உரிமை மட்டும்தான் இல்லை. அதனால்தான் அடுத்த மாதமே ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் இடம்பெற்றது. 155ஆவது உடன்படிக்கையின் 13ஆம் பிரிவும், உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மேலே சொன்ன நான்கில் எதை எடுத்தாலும், இந்த உரிமையை எழுத்தில் கொடுத்து, சூப்பர்வைசர்களுக்கும் அதைப் புரியவைத்துவிட்டு எடுங்கள்.

இனித் தேர்வு. 15, 20 பேர் வரை உள்ள இடம் என்றால் நேரடிப் பேச்சு போதும், கூடவே எல்லாரும் நம்பும் ஒருவர் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பிரிவுக்கும் ஷிப்டுக்கும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். சுவர் உடைப்பது, மெஷின் மாற்றுவது போன்ற செலவுள்ள முடிவுகள் அடிக்கடி வரும் இடம், ரசாயனம், உயரம், பெரிய இயந்திரம் உள்ள இடம் என்றால் பிரதிநிதிகளோடு குழுவும். தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் அதை ஒதுக்கிவிட்டுத் தனியாகப் பிரதிநிதி தேட வேண்டாம். பின்னால் பாதுகாப்பு கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் மனிதர்கள் பேசுகிறார்கள். பெட்டி எல்லா இடத்திலும் ஒரு ஓரத்தில் இருக்கட்டும், பாலியல் தொல்லை போல முகம் காட்டிச் சொல்ல முடியாதவற்றுக்காக.

நேரமும் முக்கியம். கோடு போட பெயின்ட் வாங்கிய பிறகு கேட்பதைக் கேட்பது என்று சொல்ல முடியாது. பணியிடப் பாதுகாப்புக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரநிலை, கலந்தாலோசனை என்ற சொல்லுக்கே முடிவெடுப்பதற்கு முன் கருத்துக் கேட்பது என்றுதான் பொருள் தருகிறது. புது மெஷின், புது ரசாயனம், புது ஷிப்ட் நேரம் எதுவானாலும் ஆர்டர் போடுவதற்கு முன் காகிதத்தைப் பிரதிநிதியிடம் காட்டுங்கள். படித்துவிட்டுச் சக தொழிலாளர்களிடம் பேசிவர அவருக்கு ஒரு வாரமாவது கொடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகார்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ஏற்பாடு வந்ததும் முதல் சில மாதங்களில் அது கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து மிரண்டு ஏற்பாட்டையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நான் கவனிப்பது வேறு ஒன்றை. கூடத்தில் நடந்து போகும்போது யாராவது என்னை நிறுத்தி, "போன மாசம் ஒரு விஷயம் சொன்னோமே சார், அது என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்களா என்று பார்ப்பேன்.